எட்டு வீட்டுக் கம்பி

ஓபல் ஸ்டுட்ஸ்மன் வேண்டுமென்றேதான் டெலிபோனைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. என் கணவன் மெர்லிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. மெர்ல் யாரையும் சந்தேகப்பட மாட்டான். கசாப்புக் கடை ஹைனி கட்டைவிரலையும் தராசில் வைத்து இறைச்சி நிறுப்பதைக் காட்டினால்கூட, "பாவம், அவருக்குக் கை நடுங்குது" என்பான்.

நான் அப்படி இல்லை. இந்தக் காலத்தில் அப்படி இருக்கவும் முடியாது. காப்பித்தூள் விலை வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. கேட்டால், பிரேசிலில் மழை பொய்த்துவிட்டது என்கிறார் கடைக்காரர். அவர் அலமாரியில் இருக்கும் டப்பாக்கள் போன வருஷம் வந்தவை. அவற்றுக்கும் பிரேசில் மழைக்கும் என்ன சம்பந்தம்? ரஷ்யாக்காரன் அணுகுண்டு வெடித்துவிட்டான், ரகசியத்தை எவன் விற்றான் என்று பேப்பரில் தினமும் ஒருவனைப் பார்த்துக் கை நீட்டுகிறார்கள். நாடே பக்கத்து வீட்டை ஓரக்கண்ணால் பார்க்கும்போது நான் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா?

நாங்கள் குடியிருந்தது கோழிக் கொட்டகையில். கேலிக்குச் சொல்லவில்லை. போர் முடிந்து பையன்கள் எல்லாம் கப்பலில் திரும்பி வந்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்கு வீடு மட்டும் யாரும் கட்டி வைத்திருக்கவில்லை. ஓபல் தன் கொல்லையிலிருந்த கொட்டகைக்கு வெள்ளையடித்து, ஓர் எண்ணெய் அடுப்பை வைத்து, எங்களுக்கு வாடகைக்கு விட்டாள். மழை பெய்தால் சுவரிலிருந்து பழைய குடித்தனக்காரர்களின் வாடை கிளம்பும். எனக்கு மார்ச்சில் பிரசவம். என் குழந்தை அந்த வாடையில் கண் விழிக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது, அது ரேடியோவில் இருந்தது. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு நியூயார்க்கிலிருந்து ஒரு போட்டி நிகழ்ச்சி. ஒரு மர்மச் சத்தத்தைப் போடுவார்கள். டெலிபோன் புத்தகத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்து ஏதோ ஒரு வீட்டைக் கூப்பிடுவார்கள். முதலில் ஒரு சின்னக் கேள்வி கேட்பார்கள். அதற்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் மர்மச் சத்தம் என்னவென்று சொல்ல வாய்ப்பு. ஜெயித்தால் கார், குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் மெஷின், அதற்கெல்லாம் மேலே லாரியில் கொண்டுவந்து இறக்கிப் பொருத்தித் தருகிற இரண்டு படுக்கையறை வீடு.

சத்தம் வேறொன்றுமில்லை. டிங், டிங், டிங் என்று நாலைந்து தடவை, பிறகு நின்றுவிடும். டிராம் மணி என்றான் பாஸ்டன்காரன் ஒருவன். டைப்ரைட்டர் என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பாக வந்தது. பாலிலிருந்து ஆடை பிரிக்கும் மெஷினின் கைப்பிடியில் உள்ள மணி அது. மெதுவாகச் சுற்றினால் அடிக்கும், சரியான வேகம் வந்ததும் அடங்கிவிடும். எங்கள் அப்பாவின் பண்ணையில் காலையும் மாலையும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பதில் என் கையில் இருந்தது. டெலிபோன் அடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் எங்கள் டெலிபோன் கம்பி எட்டு வீட்டுக்குப் பொது. மணி இரண்டு நீளம் ஒரு குட்டை அடித்தால் எங்களுக்கு, ஒரே ஒரு நீளம் என்றால் ஓபலுக்கு. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் எடுத்துக் கேட்பார்கள், அது ஊர் வழக்கம். எத்தனை பேர் எடுக்கிறார்களோ அத்தனைக்குக் குரல் மெலியும். எட்டில் ஒரு வீடு பேசிக்கொண்டிருந்தால் வெளியூர் அழைப்பு உள்ளே வராது. ஓபலோ ஒவ்வொரு ஞாயிறும் ஏழு மணிக்குக் கம்பியைப் பிடித்தால் ஏழரை வரை விட மாட்டாள்.

நான் எடுத்துக் கேட்டேன். பேச்சே இல்லை. தூரத்தில் ரேடியோ பாடுகிற சத்தம் மட்டும்.

"பேசினாலாவது பரவாயில்ல மெர்ல். ரிசீவரை எடுத்து மேஜைமேல வெச்சிட்டு அவ பாட்டுக்குப் போயிடறா."

"எதுக்கு அப்படிச் செய்யப் போறாங்க?"

"நாம ஜெயிச்சா வீட்டைக் காலி பண்ணிடுவோம்ல. இந்தக் கொட்டகைக்கு வேற எந்த இளிச்சவாயன் வருவான்?"

"ஊர்ல வீடு கெடைக்காம பத்துப் பேர் வரிசையில நிக்கிறான், லவோன். நியூயார்க்காரன் நம்ம நம்பரைத்தான் தொடுவான்னு உனக்கு யார் சொன்னது?"

"தொட்டிருப்பான். இவ விடலே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வேலைக்குப் போய்விட்டான். நெடுஞ்சாலையில் உள்ள பெட்ரோல் பங்கில் அவனுக்கு வேலை, ஞாயிறும் உண்டு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் இர்மாவைக் கூப்பிட்டுப் புகார் சொன்னேன்.

"பேசாம லைனைப் பிடிச்சு வெச்சிக்கிறது ரூல்ஸ்ல கெடையாதுதானே இர்மா?"

"கெடையாதுதான். ஆனா ஓபல் அம்மா வந்து…"

"ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"சரி, சொல்றேன்" என்றாள் இர்மா. அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவளும் ஓபல் கட்சிதான் என்று வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை துணி காயப்போடும்போது ஓபல் கொல்லைப் பக்கம் வந்தாள். அறுபது வயது, ஒட்டடைக்கம்பு உயரம். கணவனின் பழைய கோட்டை மாட்டியிருந்தாள்.

"டெலிபோன் உனக்குத்தான் ரொம்ப வேணுமாமே பொண்ணு" என்றாள்.

"எல்லாருக்கும் வேணும் மிசஸ் ஸ்டுட்ஸ்மன்."

"எடுத்துக்கோ. இந்த ஞாயித்துக்கிழமை நான் தொடல."

சொல்லிவிட்டு என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையை இரண்டு நாள் மனதில் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிறு வந்தது. ஏழு அடித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இரண்டு நீளம், ஒரு குட்டை.

"மிசஸ் மெர்ல் ஹாகன்தானே? நியூயார்க்லேருந்து பேசறோம். ரேடியோவை நிறுத்திடுங்க, இல்லேன்னா ஊளை சத்தம் வரும். ரிசீவரைக் கீழ வைக்காதீங்க. இன்னும் ரெண்டு நிமிஷத்துல நாடு பூரா உங்க குரலைக் கேக்கப் போகுது."

ரேடியோவை நிறுத்தினேன்.  வீடு வந்துவிட்டது, தொட்டிலை எந்த ஜன்னலோரம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது கம்பியில் கிளிக் என்று ஒரு சத்தம். கூடவே கேனரிக் குருவியின் கீச்சு. அது டீட்ஸ் வீடு. இன்னொரு கிளிக், ஒரு இருமல். அது பாதிரியார். மறுபடி கிளிக், மறுபடி கிளிக். ரேடியோவில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஒவ்வொரு கிளிக்குக்கும் நியூயார்க் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது.

நிகழ்ச்சி நடத்துபவர் வந்தார். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது.

"அயோவா மாநிலத்திலேருந்து மிசஸ் ஹாகன். முதல் கேள்வி. நம்ம…" அதற்குமேல் இரைச்சல்.

"கேக்கல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

"…பெரிய… எது?"

"எல்லாரும் ரிசீவரைக் கீழ வைங்க" என்று கத்தினேன். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெச்சிடுங்க."

வைத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். கிளிக், கிளிக் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. குருவி போயிற்று, இருமல் போயிற்று. குரல் கொஞ்சம் தேறியது, ஆனால் முழுதாகத் தேறவில்லை. இன்னும் ஒருவர் கம்பியில் இருந்தார். மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற ஆளின் மூச்சு.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓபல் ஸ்டுட்ஸ்மன், நீதான்னு எனக்குத் தெரியும். கோழிக் கொட்டகைக்கு வாடகை வாங்கித் தின்றவ நீ. நாங்க போயிட்டா வரும்படி போயிடும்னுதானே என் குடியைக் கெடுக்கறே. வைடி போனை."

நாடு பூரா கேட்டது. நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. மூச்சு அப்படியே இருந்தது. ஒரு மணி அடித்தது, நேரம் முடிந்த மணி. "ரொம்ப வருத்தம் மிசஸ் ஹாகன்" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. முதல் கேள்வியே ஆகவில்லை, இருந்தும் நான் விடவில்லை. "பாலாடை பிரிக்கிற மெஷின், அதுல இருக்கிற மணி" என்று கத்தினேன். கம்பி செத்துவிட்டது.

ரேடியோவைத் திரும்பப் போட்டேன். அடுத்த அழைப்பு ஒஹாயோவில் உள்ள டோலிடோவுக்குப் போயிருந்தது. எதிர்முனையில் இருந்தவள், நாட்டின் பெரிய நதி எது என்ற முதல் கேள்விக்கு மிசிசிப்பி என்றாள், சரி. மர்மச் சத்தம் என்னவென்று கேட்டதும், பாலாடை மெஷின் மணி என்றாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் சண்டாளி. ஆர்கெஸ்ட்ரா முழங்கியது. என் வீட்டை லாரியில் ஏற்றி ஒஹாயோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கோட்டுகூடப் போடாமல் கொல்லையைத் தாண்டிப் போய் ஓபலின் சமையலறைக் கதவைத் தள்ளினேன். அவள் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ரிசீவர் அதன் கொக்கியில் இருந்தது.

"இப்பத் திருப்தியா?" என்றேன்.

"உக்காரு. வயித்துப் பிள்ளைக்காரி குளிர்ல இப்படி ஓடி வரலாமா."

"ஏன் வைக்கல? எல்லாரும் வெச்சாங்க, நீங்க ஏன் வைக்கல?"

"நீ சொன்ன ஒடனே மொதல்ல வெச்சவ நான்தான். மிச்சத்தை இதுல கேட்டேன்." ரேடியோவைக் காட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது. "கோழிக் கொட்டகைக்கு வாடகை வாங்கித் தின்றவ. போர்ட்லண்ட்ல என் நாத்தனார் இருக்கா, அவளும் கேட்டிருப்பா."

"அப்ப இத்தனை வாரமா பேசாம லைனைப் பிடிச்சு வெச்சிருந்தது?"

அவள் கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள்.

"என் தங்கச்சி ஃப்ளாசி கவுன்ட்டி முதியோர் விடுதியில இருக்கா. ரெண்டு காலும் வராது. அங்க ரேடியோ ஆம்பிளைங்க கையில, குத்துச்சண்டை தவிர வேற எதுவும் வைக்க மாட்டாங்க. நர்ஸ் அவளைச் சக்கர நாற்காலியில தள்ளிட்டு வந்து வராந்தா போன்கிட்ட விடும். நான் ரிசீவரை ரேடியோ முன்னால வெப்பேன். அந்த அரை மணி நேரம் கேப்பா. இன்னிக்கும் வந்து உக்காந்துட்டுத்தான் இருந்திருப்பா."

அழகான கதை, என்று நினைத்தேன். வாயில் வந்ததையும் சொன்னேன். "நாங்க காலி பண்றதுல உங்களுக்கு நஷ்டம் இல்லேன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

"நஷ்டமா? நீ போட்டிக்காகத்தான் லைன் கேக்கறேன்னு இர்மா சொன்ன நாள்லேருந்து, நீ ஜெயிக்கணும்னு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன். இந்த வீட்டுல படி ஏறி எறங்காம எங்கயும் போக முடியாது, நாற்காலி உருளாது. கொட்டகைதான் தரையோட தரையா இருக்கு. நீங்க போனா ஃப்ளாசியை அங்க கொண்டாந்து வெச்சிக்கலாம்னு இருந்தேன்."

"கேட்டிருக்கலாமே."

"உன் வயித்தைப் பாத்துட்டு எப்படிக் கேக்கறது?"

நான் இன்னும் நம்பவில்லை. அந்த மூச்சை என் காதால் கேட்டேனே. அப்போதுதான் மெர்ல் வந்தான். பங்கைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறான், உடம்பெல்லாம் பெட்ரோல் நாற்றம். நேராக வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"போனாப் போகுது லவோன். நீ கடைசியா மணின்னு சொன்ன பாரு, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எல்லாத்தையும் கேட்டேன்."

"எப்படிக் கேட்டே? பங்க்ல ரேடியோ இல்லியே."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த டெலிபோனைப் பார்த்தான். பெட்ரோல் பங்கும் எங்கள் கம்பிதான்.

"எல்லாரும் வைங்கன்னுதானே சொன்னே" என்றான் மெதுவாக. "அதுல நானுமா? நான் உன் புருஷனாச்சே. நீ ஜெயிக்கறதைக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. மூச்சுகூட விடாமத்தான் நின்னேன்."

அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது. ஆனால் அந்தச் சமையலறையில் அறை வாங்க வேண்டியவள் நான்தான். ஓபல் எங்கள் இருவரையும் பார்க்காமல், விரலால் மேஜைத்துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். அவமானம் தாங்கவில்லை. அந்த வீட்டில் இன்னொரு நாள் இருக்க எனக்கு முகம் இல்லை.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடறோம் மிசஸ் ஸ்டுட்ஸ்மன்" என்றேன். "நீங்க உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துடுங்க."

ஓபல் தலையை நிமிர்த்தினாள். கோபம் இல்லை, குத்தலும் இல்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள்.

"எங்க போவீங்க?"

மெர்ல் என்னைப் பார்த்தான். நான் மெர்லைப் பார்த்தேன்.