மஞ்சள் வில்லை போட்ட ஆடுகள்

அன்று கால்நடை மருந்தகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால் டாக்டர் ஆஷா. எங்கள் பகுதிக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறது. அவருக்கு வலப்புறம், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியை ஒட்டிய நாற்காலியில், கால்நடை ஆய்வாளர் ஜெபகுமார். எதிரே சுவரோர பெஞ்சில் நான். மாட்டை நிறுத்தி ஊசி போடுகிற இரும்புச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து நின்றவர் ரத்தினம், செம்மறி வளர்க்கிறவர். எல்லம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இடமிருந்தது. இங்கே வாம்மா என்று கூப்பிட்டேன்.

"வேணாண்ணா, பொடவையெல்லாம் ஆட்டுச் சளி," என்றாள்.

என் பெயர் ஞானையா. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் டெஸ்பாட்ச் பிரிவில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் கன்னியம்மன் மேட்டில் யாருக்கு மனுவோ கடிதமோ வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். எழுதிக் கொடுத்த எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் வைத்திருக்கிறேன். ஜனவரியில் தடுப்பூசி முகாம் நடந்தபோது, ஊர் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைத்தான் அழைத்தார்கள். அழைத்தவன் ஜெபகுமார். அவனும் நானும் அச்சிறுபாக்கத்தில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அன்றிலிருந்து அவனுக்கு நான் மச்சான்.

"ஒம்போது உருப்படி, டாக்டரம்மா. பன்னெண்டே நாளு," என்று எல்லம்மா ஆரம்பித்தாள். "மொதல்ல மூக்கு ஒழுகுது. அப்பால வாய் முச்சூடும் புண்ணு. அப்பால கழிஞ்சுகினே கெடந்து செத்துப் பூடுது. இன்னும் பதினொண்ணு கீது. அதுல நாலு, நேத்திலேருந்து தழைய மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"கேக்கறதுக்கு ஆட்டுக்கொல்லி மாதிரிதான் இருக்கு," என்ற டாக்டர், கணினித் திரையைப் பார்த்தார். "ஆனா உங்க பேர்ல பதினெட்டு ஆடு. பதினெட்டுக்கும் ஊசி போட்டு, அதுக்கு அடையாளமா காதுல வில்லையும் மாட்டியாச்சுன்னு இருக்கே? போட்டா மூணு வருஷத்துக்குத் தாங்கணுமே."

"மேடம், கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி மிச்சச் சோத்தக் கொட்டறாங்க," என்றான் ஜெபகுமார். "இவங்க அவுத்து விட்டுடறாங்க. அதத் தின்னு வயிறு உப்பிச் செத்திருக்கும்."

"சோறு துன்னா மூக்கு ஒழுகுமா சார்? நானுந்தான் தெனிக்கும் சோறு துன்றேன்."

ரத்தினம் சிரித்துவிட்டார். "உனுக்குக் காதுல வில்லை இல்லியே எல்லம்மா, அதான் ஒழுகல."

டாக்டர் சிரிக்கவில்லை. "முகாம்ல ஏதாவது விட்டுப்போச்சா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

ஜெபகுமார் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேசைமேல் வைத்தான். "எல்லாம் முறையாத்தான் நடந்தது மேடம். நூத்திப் பன்னெண்டு ஆடு. ஊர்ச் சாட்சி சார்தான். அவர் கையெழுத்து இது. கேட்டுப் பாருங்க."

ஐம்பது வருடத்தில் அவன் என்னை சார் என்று சொன்னது அப்போதுதான்.

முகாமில் நடந்தது இது. இந்த மருந்து பொடியாக வரும். கரைத்துவிட்டால் பனிக்கட்டிக்குள் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அன்று ஏரிக்கரையிலிருந்து ரத்தினத்தின் மந்தை வரத் தாமதம். எல்லம்மா பம்மலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவள் ஆடுகளின் கயிற்றைப் பிடித்தபடி நான் வரிசையின் கடைசியில். எழுபத்தோரு ஆடுகளுக்குப் போட்டதும் நேரம் கடந்துவிட்டது. ஜெபகுமார் மீதி மருந்தைக் கீழே கொட்டினான். "கெட்டதைப் போடக் கூடாது மச்சான்," என்றான். அதுவரைக்கும் அவன் செய்ததில் ஒரு குறையும் இல்லை.

மீதி நாற்பத்தொன்று. எல்லம்மாவுடையது பதினெட்டு, ரத்தினத்துடையது இருபத்து மூன்று. வில்லை மாட்ட மருந்து வேண்டாம், இடுக்கி போதும். மறுநாள் ஊசி வேலையோடு இதையும் இழுத்துக்கொண்டு நிற்பானேன், காதில் வில்லையை இன்றே மாட்டிவிடு என்று யோசனை சொன்னவன் நான். மாட்டினான். பிறகு தாளை நீட்டினான். "எண்ணிக்கைய இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போன்ல ஏத்தணும். முழுசாப் போட்டுக் குடு. நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து மீதியக் குத்திடறேன்."

போட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. வேறு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள் என்றான். அடுத்த வாரம் என்றான். மாசிக் கடைசி என்றான். ரத்தினத்துக்கு விஷயம் தெரியும். "அவுரு வராட்டி இன்னா, என் ஆட்டுக்கு சீக்கே வராது" என்று விட்டுவிட்டார். எல்லம்மாவுக்குத் தெரியாது. அதை நான் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டும்.

"கையெழுத்து என்னோடதுதான்," என்று மட்டும் சொன்னேன்.

டாக்டர் தாளை எடுத்து, கடைசி வரிகளில் விரலை ஓட்டினார். "சளி சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பறேன். வியாதி வந்த நாலைத் தனியா கட்டுங்கம்மா. ஆனா போட்டாச்சுன்னு ஏத்தின ஆட்டுக்கு மறுபடி மருந்து கேட்க எனக்கு வழியில்ல. இந்தத் தாள்ல கடைசியா ஏறியிருக்கறது இவங்களோடதும் ரத்தினம் சாரோடதும். இவங்களோட ஏழு, அவரோட இருபத்து மூணு, முப்பது ஆடு இன்னும் நல்லா இருக்கு. அதுங்களுக்கு இந்த வாரத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு. அன்னிக்குப் போடலைன்னா, அதை யாராவது எழுத்துல தலைமை அலுவலகத்துக்குத் தரணும். சாட்சி போட்டவரே தந்தா உடனே நடக்கும்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஜெபகுமார் என் தோளைப் பிடித்தான்.

"மச்சான், கோவிச்சுக்காத. மே மாசம் எனக்கு ரிட்டயர்மென்ட். இப்ப ஒரு மெமோ வந்தா பென்ஷன், பணம் எல்லாம் நின்னு போயிடும். எழுதிகிழுதி வைக்காத. எங்கயாவது ஒரு பாட்டில் மருந்து தேத்திட்டு நாளைக்கே வந்து போட்டுடறேன்."

"போன தடவையும் நாளைக்குன்னுதான் சொன்ன."

"சூழ்நிலை அப்படி."

"உள்ள என்னைக் காட்டிக் கொடுத்தியே, அதுவும் சூழ்நிலையா?"

அவன் கையை எடுத்துவிட்டான். "நீ மட்டும் பெரிய யோக்கியனா? அந்தம்மாகிட்ட ஊசி போட்டாச்சுன்னு சொன்னது யாரு, நானா?"

எல்லம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் ஒரு காலிலேயே நின்றாள்.

"அப்ப உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஊசி போடலன்னு?"

"மறுநாளே வந்துடுவான்னு நம்பித்தான்..."

"எத்தினி வாட்டி கேட்டேன் உன்னிய?"

"மூணு தடவை." எனக்கு அது சரியாக ஞாபகமிருந்தது. முகாம் அன்று சாயங்காலம் ஒரு முறை. ரேஷன் கடை வரிசையில் ஒரு முறை. மூன்றாவது, வாலாஜாபாத்திலிருந்து இரண்டு குட்டிகள் வாங்கி வந்த அன்று. புதுசைத் தனியாகக் கட்டட்டுமா, இல்லை நம்முடையதற்கு ஊசி போட்டாகிவிட்டதால் சேர்த்தே கட்டலாமா என்று கேட்டாள். சேர்த்தே கட்டு என்றேன். முதலில் மூக்கு ஒழுகியது அந்த இரண்டு குட்டிகளுக்குத்தான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். ரத்தினம் என்னைக் கடந்து போகும்போது, "இன்னா வாத்தியாரே, ஊருக்கே மனு எழுதுவியே, இப்ப உன் மேலயே ஒண்ணு எழுதிக்கோ," என்றார்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் வரை கை தானாகப் போனது. முதல் பத்தியில் நோயின் விவரம். இரண்டாம் பத்தியில் இறந்த ஆடுகளின் வில்லை எண்கள், ஏழு. புதுக் குட்டிகளுக்கு வில்லை கிடையாது. மூன்றில் முப்பது ஆடுகளுக்கான கோரிக்கை. நான்காம் பத்தியில் ஜெபகுமாரின் பெயரையும், அவன் சொன்ன தேதிகளையும் வரிசையாக எழுதினேன். எழுத எழுத ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது. ஐந்தில், கடைசியில், முகாம் தாளில் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டது.

இதை அனுப்பினால் அவனுக்கு மே மாதம் இல்லை. ஊரில் இனி யாரும் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவும் மாட்டார்கள். அனுப்பாவிட்டால், ஏழு மணிக்கு வருகிறேன் என்று சொன்னவனை நம்பி முப்பது ஆடுகள் இன்னொரு முறை நிற்க வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவனுக்கு அந்த ஒரு வாய்ப்பையும் கொடுத்துவிடலாம் என்று மேட்டு முனையில் போய் நின்றேன். எட்டரை வரை நின்றேன்.

அங்கிருந்து நேராக எல்லம்மாவின் கொட்டாய்க்குப் போனேன். வியாதி வந்த நாலில் ஒன்று இரவில் செத்திருந்தது. சாக்கில் சுற்றி ஓரமாகக் கிடத்தியிருந்தாள். மற்ற மூன்றும் தட்டிக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஏழு, காதில் மஞ்சள் வில்லையோடு அசைபோட்டுக்கொண்டிருந்தன. நின்றபடியே கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே தண்ணீர் வாளியைக் கழுவினாள்.

"நீ பொய் சொன்னது எங்க கீது?"

"கடைசிப் பத்தியில."

"அதுலயும் கையெழுத்து போட்டேன்னுதான வருது. எங்கிட்ட மூணு வாட்டி சொன்னது?"

அதை நான் எழுதவில்லை.

"அத்த எழுது. மேல எழுது. அடீல போட்டா அவுங்க கண்ணுல எங்க படப் போவுது? மொத ரெண்டு வரி படிச்சிட்டு, ஏதோ ஆடு செத்துப் போச்சாம்னு மூடி வெச்சுடுவாங்க."

கவிழ்த்த வாளியின்மேல் தாளை வைத்துப் புதிதாக எழுதினேன். 'ஊசி போடப்படாத நாற்பத்தோரு ஆடுகளுக்குப் போட்டதாக நான் பொய்ச் சாட்சிக் கையெழுத்திட்டேன். ஆடுகளின் சொந்தக்காரியிடமும் மூன்று முறை அதே பொய்யைச் சொன்னேன். புதுக் குட்டிகளைச் சேர்த்துக் கட்டச் சொன்னதும் நான்தான்.' வில்லை எண்கள் இருந்த பத்தியில், இரவில் செத்ததன் எண்ணை எட்டாவதாகச் சேர்த்தேன். ஜெபகுமாரைப் பற்றியது ஐந்தாம் பத்திக்குப் போனது. கீழே அவளும் கையெழுத்துப் போட்டாள்.

குன்றத்தூர் தபாலில் கொடுத்தால் எப்போது கிளம்புமோ என்று இருவரும் பேருந்து ஏறித் தாம்பரம் வந்தோம். வழி நெடுக அவள் முன்பக்கம் பெண்கள் இருக்கையில், நான் பின்னால். தபால் நிலையத்தில் கோந்துக் கிண்ணம் காய்ந்திருந்தது. உறையின் வாயை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினேன். சரியாக ஒட்டவில்லை. எல்லம்மா வாங்கி, முகப்புப் பலகைமேல் வைத்து, உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

"குடு சார்," என்று என்னிடம் நீட்டினாள்.

ஸ்பீடு போஸ்ட் சன்னலில் இருந்த பெண் எடை பார்த்து, முத்திரை குத்தி, ரசீதை நீட்டினார்.

"எப்பம்மா போய்ச் சேரும்?" என்று எல்லம்மா கேட்டாள்.

"உள்ளூர்தானே? நாளைக்குப் போயிடும்."

எல்லம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கம்பிக்குள் எட்டி, உறை பைக்குள் விழுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.