ஓதம் எழுதிய வீடு

எங்கள் குழுமத்தை மூடப் போகிறேன் என்று காவல்காரர் எழுதியபோது முதலில் யாரும் நம்பவில்லை. வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவர்கள் கூடிப் பேசுகிற இணையக் குழுமம் அது. அதை நடத்தியவருக்கு நாங்கள் வைத்த பெயர் காவல்காரர். பார்வை மங்கிவிட்டது, இனி என்னால் ஆகாது, மாதக் கடைசியோடு சரி, வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரியில் முடித்துவிட்டார். அவர் மட்டும் எதிரே இருந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? எங்கள் தொழிலில் எல்லாமே ஒற்றை ஆள் வேலை. முன்பின் தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போக வேண்டும், சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டும், வெளியே வந்து தனியாகவே ஒரு தொகையை எழுத வேண்டும். அதற்குள் வங்கியின் கடன் அதிகாரி, கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன் என்று தேன் ஒழுகப் பேசுவார். முடியாது என்றால் அடுத்த ஆளுக்குப் போன் போய்விடும். நாம் மறுத்த வீட்டுக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். நமக்கு அடுத்த மாதம் வேலை வராது.

இதற்கு முடிவு கட்டியது எங்கள் குழுமம்தான். ஒருவர் குறை கண்டு மறுத்த வீட்டை அங்கே எழுதிவிடுவார். அந்தக் குறையைச் சரி செய்யும்வரை வேறு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. எழுதாத சட்டம், ஆனால் ஒருவரும் மீறியதில்லை. எல்லாரும் கூட்டுச் சேர்ந்துவிட்டீர்களா என்று ஒரு அதிகாரி என்னிடம் கத்தினார். ஆமாம், சேர்ந்துதான் விட்டோம் என்றேன். அன்றைக்கு வந்த தைரியம் என்னுடையது அல்ல, அது முகம் தெரியாத அத்தனை பேருடைய தைரியம்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர் ‘ஓதம்’ என்ற பெயரில் எழுதியவர். சுவரில் ஏறும் ஈரத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். அவர் யார், எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டார். மாரடைப்பில் போய்விட்டாராம் என்று யாரோ, யாரிடமோ கேட்டதை எழுதினார்கள். அதற்குக் கீழே இரங்கல் வரிகள். அவ்வளவுதான்.

குழுமத்தில் கேள்வியும் பதிலுமாக நீண்ட பழைய இழைகளை அழியாமல் எடுத்து வைக்க நாங்கள் ஆளாளுக்குப் பங்கு போட்டுக்கொண்டோம். ஓதம் எழுதியதை எல்லாம் நான் கேட்டு வாங்கினேன். தினம் காலையில் அவர் இழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, படித்து, சேமித்து வைப்பேன். செத்தவரோடு குடித்தனம் நடத்துகிறாய் என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். சிரிக்கத்தான் முயன்றேன். ஆனால் படிக்கப் படிக்க, கேட்டே இராத அந்தக் குரல் எனக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் எனக்கு ஓர் அடி முன்னால் அவர் போய்க்கொண்டிருந்தார்.

எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அவர் ஒரே வீட்டைத்தான் உதாரணம் காட்டுவார். படம் போட மாட்டார், வார்த்தைதான். சமையலறை ஜன்னலைச் சாத்தினால் மேலே ஒட்டும், கீழே விரல் நுழையும். நடையில் கோலிக்குண்டை வைத்தால் தானாகப் பின்னறைக்கு ஓடும். காரணமில்லாமல் உள்சுவரோடு ஒட்டி நிற்கிற பீரோவை நம்பாதீர்கள், நகர்த்திப் பாருங்கள். அவர் கடைசியாக எழுதியதும் அந்த வீட்டைப் பற்றித்தான். ‘இந்த வீட்டுக்கு என்னால் மதிப்புப் போட முடியவில்லை. யாராவது வந்து பாருங்கள்.’

அதற்கு வந்த பதில்களையும் படித்தேன். எங்கள் ஆட்கள் அதைப் பரீட்சைக் கேள்வி என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டி எத்தனை வருஷம், பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று ஒருவர். அஸ்திவாரத்துக்கு இவ்வளவு சதவீதம் கழிக்கலாம் என்று இன்னொருவர். நீங்களே தடுமாறினால் நாங்கள் எங்கே போவது குருவே என்று மூன்றாமவர். ஒரு மனுஷன் வா என்று கூப்பிட்டிருக்கிறான், எங்கே வர வேண்டும் என்றுகூடக் கேட்காமல் எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

அந்த வாரம் வங்கியிலிருந்து ஒரு வேலை வந்தது. கணவனை இழந்த ஒரு அம்மா, வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்கிறார். வீட்டில் கொழுந்தனுக்குப் பாதிப் பங்கு. அந்தப் பங்கை வாங்கிக்கொண்டால் அவர் கடைசிவரை அங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் வீட்டை விற்றுப் பிரிக்க வேண்டியதுதான். நல்ல வீடு, சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றார் அதிகாரி.

உண்மையிலேயே நல்ல வீடுதான், வெளியே இருந்து பார்த்தால். புதுச் சுண்ணாம்பு, துடைத்து வைத்த படி. கதவைத் திறந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு வைத்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டைத் தயார் செய்வது போல அவர் தயார் செய்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பாவமாகிவிட்டது. நல்ல தொகையாகப் போட்டுவிட வேண்டும் என்று உள்ளே நுழையும்போதே முடிவு செய்துகொண்டேன்.

சமையலறை ஜன்னலைச் சாத்தினேன். மேலே ஒட்டியது. கீழே விரல் நுழைந்தது.

எத்தனையோ வீட்டில் ஜன்னல் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து கோலிக்குண்டை எடுத்தேன். தரை சாய்வு பார்க்க எங்களில் பலர் ஒன்று வைத்திருப்போம், அதுவும் ஓதம் சொல்லிக்கொடுத்ததுதான். நடையில் வைத்துக் கையை எடுத்தேன். அது கொஞ்சம் யோசித்து, பிறகு கிளம்பி, பின்னறை வாசலைத் தாண்டி உள்ளே போய் எங்கேயோ டங்கென்று முட்டியது. போய்ப் பார்த்தேன். உள்சுவரை ஒட்டி ஒரு இரும்பு பீரோ. அதற்குப் பக்கத்தில், அதே சுவரோடு நீளவாக்கில் ஒரு கட்டில்.

இந்த அறையில் நான் பலமுறை நடந்திருக்கிறேன். ஓதம் தன் எழுத்தில் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரர் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

“அவரும் உங்க வேலைதாம்மா. ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் பார்ப்பார். நம்ம வீட்ல வாயே திறக்க மாட்டார். சாப்பிட்டியா, கதவைச் சாத்தினியா, அவ்வளவுதான் பேச்சு.”

பீரோவை நகர்த்த வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னையே பார்த்தார். போன மாதம் வந்த தரகர் நகர்த்தவில்லையே, வங்கிக்காரரும் எட்டித்தான் பார்த்தார் என்றார். பிறகு தயங்கி, அப்படியே விட்டுடுங்களேன் என்றார். பின்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஏதோ இருக்கும் என்ற பயம் மட்டும் இருந்தது.

விட்டிருக்கலாம். பீரோவை நகர்த்தச் சொல்லி எந்த விதியும் இல்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவருக்கு வீடு மிஞ்சும். மறுத்து எழுதினால், எங்களுடைய அந்த எழுதாத சட்டப்படி, வேறு ஒருவர்கூட இந்தப் படி ஏற மாட்டார். அவர் புருஷன் போட்ட சட்டம் அவர் வாசலிலேயே வந்து நிற்கும். ஆனால் எனக்கு முன்னால் நடந்த அந்தக் குரல் பீரோவுக்கு எதிரே நின்றுவிட்டது, நகரவே இல்லை.

நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றேன். இரண்டு பேருமாகத் தள்ளினோம். பின்னால் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், தரையிலிருந்து சாய்வாக மேலே போனது. குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தன. விரிசல் நகர்கிறதா என்று பார்க்க ஒட்டுவது அது. நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் மாதம் எழுதியிருந்தது. ஒன்றுகூட முழுசாக இல்லை. வீட்டின் பின்பாதி மெல்ல மெல்லத் தனியாகக் கழன்று இறங்கிக்கொண்டிருந்தது.

“அவர் கையெழுத்து,” என்றார் அந்த அம்மா.

அதற்கு மேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. குழுமத்தைப் பற்றிச் சொன்னேன், ஓதத்தைப் பற்றிச் சொன்னேன், அவரால்தான் நாங்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“முன்னே பின்னே தெரியாத அத்தனை பேருக்கு எழுதியிருக்கார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

சொன்னால் உங்களுக்கு வீடு போய்விடுமே என்று பயந்திருப்பார் என்றேன். கடன் கிடைக்காது என்பதை அவர் நான் சொல்லாமலே புரிந்துகொண்டிருந்தார். உங்கள் வீட்டைப் பற்றி அவர் எழுதியதை இன்னும் முழுதாக எடுத்து வைக்கவில்லை, நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், மாதக் கடைசியோடு தானாக அழிந்துவிடும் என்றேன். அதைச் சொன்னபோது நான் எங்கள் ஆட்களுக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தேதான் சொன்னேன்.

“அழிய விட்டுடாதீங்க. வீடுதான் இல்லைன்னு ஆயிடுச்சு. அவர் பேசினதாவது இருக்கட்டும். கடைசியா என்ன எழுதினார், படிங்க.”

படித்தேன். இரண்டு வரிதானே. எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். அவர் விரலால் கட்டில் சட்டத்தைத் தடவினார்.

“அந்த மாசம்தான் படுக்கிற இடத்தை மாத்தினார். கல்யாணம் ஆனதுலேருந்து சுவர்ப் பக்கம் எனக்குத்தான். திடீர்னு ஒருநாள், நீ இந்தப் பக்கம் வா, எனக்குச் சுவர்ப் பக்கம்தான் தூக்கம் வருதுன்னார். வயசானா இப்படித்தான்னு நான் சிரிச்சேன்.”

நான் சுவரைப் பார்த்தேன். விரிசல் பீரோவோடு நிற்கவில்லை. பூச்சுக்கு அடியில் மயிரிழையாக ஓடிக் கட்டிலுக்கு மேலே போயிருந்தது. கட்டிலில் ஒரே ஒரு தலையணை இருந்தது, சுவரை ஒட்டி.

இப்போது எந்தப் பக்கம் படுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அவர் போனதுலேருந்து அவர் இடத்துலதான்மா படுத்துக்கிறேன்,” என்றார்.