உள்ளே பூட்டிய கதவு

இடிந்த கேலரிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். பின்னால் அண்ணன் மூச்சிரைத்தான்.

"அப்பாவ கூடத்துல கிடத்திட்டு, இங்க என்னடி வேலை?"

"கதவ உடைச்சு அத்துமீறி நுழைஞ்சாருன்னு விளையாட்டுச் சங்கச் செயலாளர் எழுதிக் கொண்டாந்திருக்கான். நீ மாடு மாதிரி தலையாட்டுற!"

"கையெழுத்து போட்டா பிரச்சனை இல்லாம முடியும்ல?"

"அவனுக்கு முடியும்."

விளையாட்டரங்கத்தைப் பூட்டிப் பன்னிரண்டு வருடம். நாற்காலிகளுக்குள் செடி முளைத்திருந்தது. ஓடுபாதையைக் காணோம். நாற்பதாயிரம் பேர் கத்திய இடத்தில் புறாக்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தன.

முப்பது வருடம் ஸ்கோர் பலகையில் எண் தகடுகளை மாட்டியவர் அப்பா. அரங்கத்தை மூடியபோது சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அதனால் வேலையும் முடியவில்லை என்றே நினைத்துவிட்டார். வாராவாரம் வந்து தகடுகளைத் துடைப்பார். நேற்று ஏணி முறிந்து விழுந்தார்.

ஸ்கோர் அறைக் கதவு உள்பக்கம் சாய்ந்து கிடந்தது. அவரை எடுக்க வந்த தீயணைப்புக்காரர்கள் வெளியிலிருந்து இடித்தது. பிய்ந்து வந்த கொண்டியில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது, உள்பக்கத்தில். அதிலேயே சாவி. சாவியில் சங்கத்தின் முத்திரை குத்திய பித்தளை வில்லை.

ஆட்டம் நடக்கும்போது ரசிகர்கள் ஏறிவந்து எண்ணை மாற்றச் சொல்லி ரகளை செய்வார்கள். அதனால் உள்ளே பூட்டிக்கொள்வது அவர் பழக்கம்.

"காவலாளி சத்தம் கேட்டு ஓடி வந்தானாம். கதவ திறக்கவே ஒரு மணி நேரமாச்சாம். அதுக்குள்ள போயிட்டாரு," என்றான் அண்ணன் மெதுவாக.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆடுறதுக்கே ஆளில்ல! யாருக்குப் பயந்துப்பா பூட்டிக்கிட்ட?" என்று காலி அரங்கத்தைப் பார்த்துக் கத்தினாள். புறாக்கள் எழுந்து பறந்தன.

வீட்டில் செயலாளர் மாலையும் காகிதமுமாக நின்றிருந்தார். சாவியோடு எடுத்துவந்த பூட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"உங்க வில்லைதான சார்? சாவி வச்சிருக்கவரு எதுக்குக் கதவ உடைக்கணும்?"

"அது... பழைய சாவிம்மா."

"புதுசு யாருகிட்ட இருக்கு?"

அவர் அண்ணனைப் பார்த்தார். "தம்பி, நீங்களாவது..."

அண்ணன் வாசலில் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

செயலாளர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஒரு செருப்பு கிடைத்தது. மற்றது அண்ணனின் காலடியில் மாட்டியிருந்தது. ஒற்றைச் செருப்போடு அவர் காத்து நின்றார்.

அண்ணன் காலை எடுக்கவில்லை.