தபால்காரனுக்குப் போன மூன்று படங்கள்

அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அடுப்படியில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. வந்தது ஒரு தபால்காரனால்தான்.

கூரைக்குக் கூரை தாவி, நாய்களுக்குத் தப்பி, ஜன்னல் ஜன்னலாகக் கடிதம் போடுகிற பழைய கம்ப்யூட்டர் விளையாட்டின் நாயகன் அவன். உள்ளங்கையில் அடங்கும் கேம் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. அதைச் செய்த கம்பெனியே அதை மறந்து வெகுகாலமாகிறது. அந்த மெஷினில் தபால்காரனை ஓடவைக்க வேண்டும் என்பது இருவரின் ஆசை. உலகமெங்கும் இதே பைத்தியம் பிடித்த ஆட்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்றும் இருந்தது.

அண்ணி லிஃப்ட் கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். நாத்தனார் அச்சகத்தில் மருந்துப் பாட்டில் லேபிள் வரைகிறவள். அண்ணி விளையாட்டை அடியிலிருந்து எழுதினாள். நாத்தனார் தபால்காரனை நகத்தளவுக்குச் சுருக்கி, அவன் ஓட்டத்துக்கு மட்டும் ஆறு படம் வரைந்து கொடுத்தாள்.

கடைசி நேரத்தில் மெமரி போதவில்லை. அண்ணி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அந்த ஆறில் மூன்று படங்களைத் தூக்கிவிட்டு, நாத்தனார் பெயரையும் போட்டு மன்றத்தில் ஏற்றினாள்.

மன்றத்தில் சிரித்தார்கள். ‘தபால்காரருக்கு மூட்டுவலி போல’ என்றான் ஒருவன். ‘படம் வரைந்தவர் மனிதர் நடந்து பார்த்ததே இல்லையா?’ என்றான் இன்னொருவன்.

நாத்தனார் செல்போனும் கையுமாக அண்ணியின் அறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா அண்ணி?”

“இடம் பத்தல. கேட்டா மட்டும் இடம் வந்துடுமா?”

“நொண்டுறது உங்க புரோகிராம். திட்டு மட்டும் எனக்கா?”

“மெமரின்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? பாட்டில்ல லேபிள் ஒட்டுற மாதிரி நெனச்சியா?”

நாத்தனார் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே திரும்பிப் போய்விட்டாள். அதன்பின் இருவருக்கும் பேச்சு நின்றது. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றாலும் நடுவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்தான் எடுத்துத் தர வேண்டியிருந்தது.

அதே மாதத்தில் நாத்தனார் ஆறு படங்களையும் மன்றத்தில் போட்டாள். ‘யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். போட்டால் முழுசாகப் போட வேண்டும்’ என்று கீழே எழுதியிருந்தாள். ‘ஆந்தை’ என்ற புனைபெயர்க்காரர் ஒருவர், அதே மெஷினுக்குத் தானும் விளையாட்டை எழுதுவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டார். முடிந்தால் செய்து காட்டட்டும் என்று அண்ணி உள்ளுக்குள் கறுவினாள்.

ஆந்தை செய்தே காட்டினார். அண்ணி ஆபீஸ் மதிய இடைவேளையில், லிஃப்ட் மோட்டார்கள் சோதிக்கும் அறையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன மெஷினில் அதைப் போட்டுப் பார்த்தாள். தபால்காரன் எண்ணெய் போட்ட மாதிரி ஓடினான். வயிற்றெரிச்சலோடு உள்ளே பிரித்துப் பார்த்தாள். ஆறு படத்திலும் இடுப்புக்கு மேலே ஒரே உருவம். ஆந்தை அதை ஒருமுறை மட்டும் வைத்துவிட்டு, கால்களை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட்டுக்கே புரோகிராம் எழுதுகிறவள் கண்ணுக்கு இது படவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் முன்னால் போய் நின்றாள்.

“மேல்பாதி ஒண்ணுதான்னு உனக்குத் தெரியுமா?”

“அப்படித்தானே வரைஞ்சேன். இடம் மிச்சமாகட்டும்னு.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“லேபிள் ஒட்டுறவ சொன்னா எடுபடுமா அண்ணி?”

அண்ணிக்குக் காது சூடேறியது. மறுநாள் விடுமுறை. ஆந்தையின் விளையாட்டில் ஓட்டை தேடுவதே வேலையாக உட்கார்ந்தாள். மூன்றாவது தெருவில் இரண்டு நாய்கள் ஒன்றாகத் துரத்தினால் இசை சிக்கிக்கொண்டு ஒரே சுரத்தில் கத்தியது. வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. ‘அரைவேக்காட்டு வேலை. இதைப் போய் ஆகா ஓகோ என்கிறீர்களே’ என்று மன்றத்தில் எல்லாரும் பார்க்க எழுதினாள்.

மாலைக்குள் ஆந்தை அதைச் சரிசெய்துவிட்டார். நன்றியும் சொல்லி, விளையாட்டின் முகப்பிலேயே இரண்டு வரி சேர்த்திருந்தார். ஓவியம் என்று நாத்தனார் பெயர் பெரிதாக. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், பிழை கண்டுபிடித்தவர் என்று அண்ணியின் பெயர்.

அண்ணி தன் விளையாட்டை மன்றத்திலிருந்து நீக்கினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவள் எழுந்து கூடத்துக்கு வந்தபோது சோபாவில் அவள் கணவன் அந்த மெஷினை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நாத்தனார் காலை மடக்கி உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எந்தத் தபால்காரன்?” என்று கேட்டாள் அண்ணி.

கணவன் தங்கையைப் பார்த்தான். நாத்தனார் தலையைத் தூக்கவே இல்லை.

“சத்தத்துல தலை வலிக்குது. நிறுத்துங்க” என்றாள் அண்ணி.

அவன் சத்தத்தைக் குறைத்தான். விளையாட்டை நிறுத்தவில்லை.