தலையைக் காட்டிவிட்டுப் போனவர்கள்

விபத்துக்குப் பிறகு வசந்தன் வீட்டில் வாயைத் திறப்பதே இல்லை. குருண் ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு ஆளேற்றிப் போகும் வேனை ஓட்டியவன். மழையில் வேன் கவிழ்ந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கூட்டாளி சத்தியசீலன் அங்கேயே போய்விட்டான். வசந்தனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான். பாக்கார் ஆராங் பகுதியில் இருந்த வீட்டில் அவன் பெண்டாட்டி குணசுந்தரி சுவரோடுதான் பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் பேசுவதெல்லாம் போனிடம்தான். வீட்டுக்குப் பின்னால் மீன் வளர்த்தான். தொட்டி கழுவும்போது போனைச் சுவரில் சாய்த்து வைத்து, பேசிக்கொண்டே வீடியோ எடுத்து யூடியூப்பில் போடுவான். சாத்திய கதவுக்குப் பின்னால் அவன் குரல் கேட்டாலே அவளுக்கு உயிர் வரும். அப்படியிருக்க ஒருநாள், "யாரும் வர்றதில்ல. நிறுத்திடலாம்னு இருக்கேன்," என்றான். இதுவும் நின்றால் இந்த மனுஷன் என்ன ஆவான்?

ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். வாட்ஸ்அப்பில் அவனைச் சேர்க்காத சொந்தக்காரர் குரூப் ஒன்று இருந்தது. அதில் லிங்கைப் போட்டு, கமெண்ட் எதுவும் வேண்டாம், அவரிடம் மூச்சு விடாதீர்கள் என்று கெஞ்சினாள். நம் சனத்தைக் கேட்கவா வேண்டும்! கல்யாணத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போவதுபோல் அத்தனை பேரும் வந்தார்கள். திறந்தார்கள், லைக்கைத் தட்டினார்கள், போய்விட்டார்கள். கடமை முடிந்தது.

"ஆளுங்க வர்றாங்க சுந்தரி," என்றான் வசந்தன். தானாக அவள் பேரைச் சொல்லி எத்தனை மாதம்! அன்றைக்கு அவன் ரெண்டாந்தரம் சோறு கேட்டான். அவள் அடுப்படியில் நின்று அழுதாள்.

ஆனால் வெளியாள் ஒருத்தர்கூட வரவில்லை. அடுத்தடுத்த வீடியோவும் அப்படியே படுத்தது. அவன் முகம் மறுபடியும் செத்துப்போனது. கேக் வீடியோ போட்டுப் பேர் வாங்கியவள், குணசுந்தரியோடு வேலை செய்யும் ஷீலா. அவளிடம் ஓடினாள்.

"ஐயோ அக்கா, கெடுத்தீங்க போங்க! வந்த உடனே மூடிட்டுப் போனா, இது யாருக்கும் பிடிக்கலன்னு யூடியூப் நினைச்சுக்கும் லா. மீன் வளர்க்கிறவங்களுக்குக் காட்டவே காட்டாது. முதல்ல சொந்தக்காரங்கள நிறுத்துங்க."

"தயவுசெஞ்சு இனிமே யாரும் பார்க்காதீங்க," என்று அன்றே குரூப்பில் போட்டாள். காரணம் எழுதுமுன் தீப்பற்றிக்கொண்டது. வசந்தனின் அக்கா மருதம்மாள் பெண்டாங்கிலிருந்து நேராகத் தம்பிக்கே போன் போட்டாள். "வா வான்னு கூப்பிட்டதும் உன் பெண்டாட்டி, வராதேன்னு விரட்டுறதும் உன் பெண்டாட்டி! நாங்க என்ன அவ்வளவு கேவலமாப் போயிட்டோமா?"

வசந்தன் அடுப்படிக்கு வந்தான்.

"வந்தவங்க எல்லாம் நம்ம ஆளுங்களா?"

"நீங்க நிறுத்திடுவீங்களோன்னு பயந்துதாங்க..."

"முழுசாப் பார்த்தாங்களா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். தெம்பு வரவில்லை. "இல்லைங்க. திறந்ததும் மூடிட்டாங்க."

"நீ?"

ஊரையெல்லாம் கூட்டி வந்தவள் ஒன்றைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. மீனில் என்ன இருக்கிறது பார்க்க? "நானும் இல்லைங்க," என்றாள்.

வசந்தன் பெருமூச்சு விட்டான். கோபமே இல்லை, தப்பித்தவன் முகம். தொட்டிகளிடம் போய்விட்டான்.

இதென்ன கூத்து என்று அவளுக்குப் பகீரென்றது. அறைக்குள் போய்ச் சத்தத்தைக் குறைத்துக் கடைசி வீடியோவைப் போட்டாள். முதலில் தண்ணீர், தீனி, நோய் என்று போனது. பாதிக்கு மேல் அவன் குரல் கம்மியது.

"சத்தியசீலன் அன்னிக்குப் பின்னாலதான் உட்கார்றேன்னான். நான்தான் முன்னால வாடான்னு கூப்பிட்டேன். தூக்கம் வந்துச்சு, பேச்சுத் துணைக்கு. கண்ணு சொருகிடுச்சு. போலீஸ்ல மழைன்னு சொல்லிட்டேன். இதைத் தெரிஞ்சவங்ககிட்ட எப்படிச் சொல்றது? என் வீட்டுக்காரிகிட்ட சத்தியமா முடியாது. நீங்க என்னைத் தெரியாதவங்க. அதான் உங்ககிட்ட வாய் வருது."

அடிப்பாவி என்று தன்னையே வைதுகொண்டாள் குணசுந்தரி. அவன் பேசிய ஒரே இடத்துக்குள் ஊரையே கூட்டி வந்து நிறுத்தியிருக்கிறாள். குரூப்பில் லிங்கை அழித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அவனிடம் போனாள்.

"இனிமே நம்ம ஆளுங்க யாரும் வரமாட்டாங்க. நானும் பார்க்கமாட்டேன். நீங்க பேசுங்க, என்ன?"

பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. வசந்தன் தொட்டியிலிருந்து கையை எடுத்தான்.

"பார்த்துட்டியா?" என்றான்.