ஒன்பது நொடி மௌனம்

சாக்பீஸ் அந்தரத்தில் நிற்கிறது, திரையில் அதை நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே என் கை, விரல்கள் விரிந்து, வாய் பாதி திறந்து, பார்க்கச் சகிக்காத முகம், மேலே எறிந்த பொருள் உச்சியில் நிற்கும் கணத்தில் வேகம் பூஜ்யம், சரி, முடுக்கம் எந்தத் திசையில் என்று பதினொன்றாம் வகுப்பைக் கேட்டு முடித்த இடம் அது, நாற்பது நிமிடப் பாடத்தை ஆறு நிமிடமாக நறுக்கி நடுநடுவே கேள்வி சொருகி பிள்ளைகள் செல்போனில் பார்க்கிற மாதிரி கொடுங்கள் என்று தலைமையாசிரியை அமலோற்பவம் டீச்சர் சொன்னதிலிருந்து ஒவ்வொரு இணையதளமாக மேய்ந்துகொண்டிருக்கிறேன், ஒன்று வீடியோவின் மேல் தன் பெயரைக் குத்தியது, ஒன்று தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது, மூன்றாவது பாதியில் நின்றுபோனது, இது நாலாவது, பேச்சில்லாத இடங்களைத் தானே கண்டுபிடித்து வெட்டித் தருமாம், மொத்தம் ஒன்பது நொடி மௌனம் இருக்கிறது, நீக்கலாமா என்று கேட்கிறது. நாற்பது நிமிடத்தில் ஒன்பதே நொடி. கணக்கு வாத்தியார் மாசிலாமணி எட்டிப் பார்த்துவிட்டு, கேள்வியும் நீங்களே பதிலும் நீங்களே, அப்புறம் பிள்ளைங்க எதுக்கு சார், பெஞ்சுல போட்டோ ஒட்டி வச்சிருங்க என்கிறார், நானும் சிரிக்கிறேன், உள்ளூரப் பெருமைதான், சும்மா இருக்காமல் பேசத்தான் எனக்குத் தெரியும், பெருங்குடியில் ஒரு கால் சென்டரில் ராத்திரி ஷிப்டில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கோ பகலில் இருப்பவர்களின் இன்டர்நெட் பெட்டிகளுக்கு வழி சொன்ன எட்டு மாதத்தில் கற்றது அது ஒன்றுதான், பத்து நொடி பேச்சு விழாவிட்டால் டெட் ஏர், டீம் லீடர் பின்னால் வந்து நாற்காலி முதுகில் விரலால் தட்டுவான், டொக், டொக், ஒரு நாள் எதிர்முனையில் ஒரு கிழவர் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறார், ஏதோ சொல்ல வருகிறார், நான் முந்திக்கொண்டு பெட்டியை அணைத்துப் போடுங்கள் என்கிறேன், அவர் வைத்துவிடுகிறார், பிறகு நானும் அந்த வேலையைப் பாதியில் விட்டு பஸ் ஏறினேன், பி.எட். முடித்தேன், வாத்தியார் ஆனேன், விரல் மட்டும் கூடவே வந்துவிட்டது.

லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு டி.சி. படிவம் கிடக்கிறது, நாகஜோதியுடையது, என் வகுப்புப் பெண், திக்குவாய், அவள் அப்பா வெளியே வராந்தாவில் காத்திருக்கிறார், நாலு மணிக்கு நூல் மில்லு வண்டி வரும், அதில் அவளை மில் வேலைக்கு, அங்கேயே இருக்கும் ஹாஸ்டலுக்கு ஏற்றிவிட வேண்டும், வகுப்பாசிரியர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி, காலையில் அமலோற்பவம் டீச்சர் என்னிடம் கேட்டார், நீங்க சொன்னா அவர்கிட்ட பேசிப் பாக்குறேன் சார், புள்ள தேறுமா, நான் யோசிக்கவில்லை, பத்து நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை, அவ வாயே திறக்கமாட்டா டீச்சர் என்றேன், கெட்ட எண்ணமில்லை, எனக்குத் தெரிந்த உண்மை அது.

நீக்கு என்பதை அழுத்தப் போகிறேன், ஒருமுறை கேட்டுவிடுவோம் என்று ஹெட்போனை மாட்டுகிறேன், சாக்பீஸ் கீழே வருகிறது, என் கை பிடிக்கிறது, வகுப்பு அமைதி, அமைதிக்குள் மின்விசிறி, மின்விசிறிக்குள் என்னவோ, திரை ஓரத்தில் மூன்றாவது பெஞ்சில் ஒரு தலை நிமிர்கிறது, உதடு பிரிகிறது, கீ, கீ, கீ, உடனே என் குரல், ஒருத்தருக்குமா தெரியல, கீழ்நோக்கி, எழுதிக்கோங்க. தலை குனிந்துகொள்கிறது. திரும்பப் போடுகிறேன், திரும்ப நிமிர்கிறது, திரும்ப முந்துகிறேன், நாலாம் தடவையாவது அந்த ஆள் வாயை மூடமாட்டானா என்று பார்க்கிறேன், மூடவில்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறேன், அவர் எழுந்து, கையெழுத்து ஆயிருச்சா சார் என்கிறார், தூணோரம் டிரங்குப் பெட்டியோடு அவள் நிற்கிறாள், நான் சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை மேலே எறிகிறேன், உச்சியில நிக்குதுல்ல, அப்ப முடுக்கம் எந்தப் பக்கம், நாகஜோதி. அவள் என்னைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள், நாலு நொடி, ஐந்து, அவள் அப்பா, அதுக்குப் பேச்சு வராது சார் என்று தொடங்க நான் கையைத் தூக்கித் தடுக்கிறேன், ஒன்பது, பத்து, டொக், டொக், நாக்கு நுனியில் பதில் துடிக்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறேன், இருபது, கேட்டில் வண்டி ஹாரன் அடிக்கிறது, அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது, கீ, கீ, கீழதான் சார், நி, நின்னாலும் கீழதான் இழுக்கும். அவள் அப்பா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, சரியாத்தான் சொல்றாளா சார் என்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஹாரன் இரண்டாம் தடவை அடிக்கிறது, கையெழுத்தில்லாத படிவம் கையில் படபடக்கிறது, அவள் உதடு மறுபடி பிரிகிறது, ச, ச, அவரும் இப்போது அவள் பக்கம் திரும்பிவிட்டார், காத்திருக்கிறார், எறிந்த சாக்பீஸ் விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கவில்லை.