இடது கைக்கு எண்பது

“என் தங்கச்சி பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க சார்.”

பெரியவள் கேட்டே விட்டாள். கேட்கவே கூடாதது அது. இமயப் பயணத்தின் காத்திருப்புப் பட்டியலில் முதல் ஆளாக அவள் பெயர் ஏறிய அன்றே கேப்டன் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். காத்திருப்பவர் காத்திருக்கலாம், யாராவது விலகினால் உள்ளே வரலாம்; ஆனால் ஆளைச் சுட்டி, அவர் இடத்தை எனக்குக் கொடு என்று மட்டும் வந்து நிற்கக் கூடாது. ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறப்போகிறவர்களுக்குள் அந்த நினைப்பு புகுந்துவிட்டால் அப்புறம் கயிறு எதற்கு என்றார். அம்மா இதையே தன் பாணியில் சொன்னாள்: “அவ இடத்தைக் கேட்டு மட்டும் வாயைத் திறந்துடாத. நாலு பேர் காறித் துப்புவாங்க.”

கேப்டன் பென்சிலை மேசையில் வைத்தார். பதினான்கு முறை இமயத்துக்கு ஆட்களை அழைத்துப் போய், போன அத்தனை பேரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்த வழிகாட்டி. பட்டாளத்தில் எல்லாம் இருந்ததில்லை. பள்ளிக்கூடக் கைப்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்த பெயர், நாற்பது வருஷமாகியும் உரிந்து விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தியும் பயனில்லை. அந்த அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே பாதிச் சுவர்தான், மேல் பாதி கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவள் நின்றிருந்தாள். கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. அன்று உடுப்பு போட்டுப் பார்க்கும் நாள். சிகரத்துக் குளிருக்கென்று தைத்த, இறகு அடைத்த சிவப்பு உடுப்புக்குள் தலைமுதல் கால்வரை புகுந்துகொண்டு, மெத்தை ஒன்று கட்டிலைவிட்டு எழுந்து வந்ததுபோல நடந்து காட்டினாள். சுற்றி நின்ற, குழுவின் ஏழு ஆண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த உடுப்புக்குத் தோள், மார்பு, கை நீளம் எல்லாம் அளந்து எழுதிக் கொடுத்தவள் பெரியவள்தான். காத்திருப்பவர்கள் கூடமாட வேலை செய்ய வேண்டும் என்பதும் இங்கே ஒரு விதி. தங்கையின் தோளில் நாடாவை வைத்தபோது, இரண்டு அங்குலம் குறைத்து எழுதினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. எழுதவில்லை. ஆனால் தோன்றியது.

இந்த மலைப் பைத்தியமே பெரியவள் கொண்டுவந்தது. அதற்கு முன் அந்த வீட்டில் மலை என்றால் நாட்காட்டிப் படம். அப்பா சரக்குக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அம்மா ஆஸ்பத்திரிச் சலவை அறையில் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த கால் பெரியவளுடையது. மிதித்த முதல் மாதமே மலையேறும் சங்கத்தில் போய்ச் சேர்ந்தாள். முதல் பயணத்துக்கு அனுமதி கேட்டபோது, வயசுப் பெண் தனியாகப் போவதா என்று அம்மா முடியவே முடியாது என்றாள். இரண்டு நாள் சண்டை, ஒரு நாள் பட்டினி. கடைசியில் ஒரு வழி பிறந்தது. துணைக்குத் தங்கையைக் கூட்டிப் போவதானால் போகலாம்.

அப்படித் துணைக்கு வந்தவள்தான் இவள். பள்ளிக்கூடத்துப் பெண், இரவல் காலணி, வழி நெடுக வாய் ஓயாத பாட்டு. பெரியவள் ஒவ்வொரு முடிச்சையும் புத்தகம் பார்த்துக் கட்டில் காலில் கட்டிக் கட்டிப் பழகினாள். சின்னவள் ஒரு தரம் பார்த்தாள், போட்டாள். பெரியவள் விடிகாலையில் முதுகில் இருபது கிலோ மணலைச் சுமந்து ஒன்பது மாடி ஏறி இறங்கினாள். சின்னவள் எட்டு மணிக்குத் தூங்கி எழுந்து வந்து பாறையில் பல்லிபோல ஒட்டி ஏறினாள். சங்கத்தில் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்தார்கள். பெரியவளுக்கு டீச்சர். முடிச்சு தப்பு, படி தப்பு, கணக்கு தப்பு என்று எல்லோரையும் திருத்துவாளாம். திருத்தினால்தான் என்ன? தப்பாக இருந்தால் திருத்தத்தானே வேண்டும்.

இப்போது எட்டாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரம். மொத்தச் செலவையும் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்டு, சாதாரண வீட்டுப் பிள்ளைகளில் ஒன்பது பேரை அனுப்புகிறேன் என்று அறிவித்தது. ஏழு ஆண்கள், இரண்டு பெண்கள். அக்காவும் தங்கையும்தான் அந்த இரண்டு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பயிற்சிக்காக ஆறாயிரம் மீட்டர் மலை ஒன்றுக்குப் போய் வந்தார்கள். வந்த மறுவாரம் நிறுவனம் ஒரு இடத்தைக் குறைத்தது. குறைந்தது பெண்ணின் இடம். அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சின்னவள் பெயர் வந்த அன்று அப்பா அரை நாள் விடுப்புப் போட்டார். கிடங்கில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்து, வண்டியின் கண்ணாடியில் அவள் படத்தை ஒட்டினார். பெரியவள் பட்டம் வாங்கி வந்த அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சரி, வேலை எப்ப?” வேலை கிடைத்தது. குடிநீர் நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் தினம் இருபது குப்பித் தண்ணீரைச் சோதித்து எண்ணை எழுதும் வேலை. ஒரு முறை மேலதிகாரி ஒரு எண்ணைக் கொஞ்சம் ‘சரிக்கட்டி’ எழுதச் சொன்னபோது, நீங்களே எழுதிக் கையெழுத்தும் போடுங்கள் சார் என்று பேனாவை அவர் பக்கம் தள்ளியவள். அதைச் சொல்லி அப்பா யாருக்கும் இனிப்பு கொடுக்கவில்லை.

“எதுக்காக அவளைப் பட்டியல்ல இருந்து எடுக்கணும்?” என்றார் கேப்டன்.

உயரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள் பெரியவள். அதற்கு மேல் சொல்லாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டிருந்தாள். கேப்டன் இழுப்பறையைத் திறந்து பயிற்சி மலையின் தாளை எடுத்து அவள் முன் திருப்பி வைத்தார். விரலில் கவ்விக் கருவியை மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று தினமும் பார்த்து எழுதிய தாள். மேல் முகாம், மூன்று முறை. பெரியவளுக்கு எழுபத்தொன்பது, எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. சின்னவளுக்கு எண்பது, எழுபத்தொன்பது, எண்பது.

“உன்னைவிட ஒண்ணு கூடத்தான். ரெண்டு பேரும் சமம்னே வச்சுக்கிட்டேன். அப்புறம் ஏன் அவளைன்னு கேட்டா, ரெண்டு மாசம் கூடாரத்துல அடைஞ்சு கிடக்கணும். அவ இருந்தா பத்துப் பேர் சிரிப்பாங்க. நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப. தப்பா எடுத்துக்காத.”

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். காது மடல் சுட்டது. தாளில் இருந்த அந்த எண்பதையே பார்த்தாள். ஒட்டுமொத்த உலகத்தில் அந்த எண்பது யாருடையது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெத்தை நடை நடந்துகொண்டிருந்தாள்.

மேல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த மத்தியானமே சின்னவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்று கூடாரத் துணியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பெரியவள் தன்னிடம் இருந்த கருவியை அவள் விரலில் மாட்டிப் பார்த்தாள். ஐம்பத்தெட்டு. விரல் மாற்றி மாற்றி மாட்டினாலும் ஐம்பத்தெட்டு. கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் மிக நிதானமான குரலில், பால்கனியில் காயும் துணியை எடுத்தாயா, மழை வருகிறது என்று கேட்டாள். சுற்றிலும் பனி. அந்தக் கேள்வி பெரியவளின் முதுகுத்தண்டில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து மணிக்குத் துணை வழிகாட்டி காற்றில் தள்ளாடிக்கொண்டு எண் பார்க்க வந்தார். அதற்குள் சின்னவளுக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, என்னை இறக்கிடுவாங்க, பட்டியல்ல இருந்தே எடுத்துடுவாங்க, ஏதாவது பண்ணு என்று அழுதாள். கூடாரத்தின் ஜிப்பை ஒரு சாண் திறந்து பெரியவள் வலது கையை வெளியே நீட்டினாள். எழுபத்தொன்பது என்று அவர் எழுதிக்கொண்டார். கையை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, இடது கையை நீட்டினாள். எண்பது. அந்தக் காற்றில் எந்த மனிதன் குனிந்து முகம் பார்ப்பான்? மறுநாள் காலையும் அப்படியே, மாலையும் அப்படியே. மூன்றாம் நாள் வானிலை கெட்டு எல்லோருமே இறங்க வேண்டியதாயிற்று. கீழே வந்த இரண்டு மணி நேரத்தில் சின்னவள் பாடத் தொடங்கிவிட்டாள்.

பெண்களுக்கு இரண்டு இடம் இருந்த காலம் அது. இரண்டு பேரும் போகப்போகிறோம், பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தது. இப்போது அவளுடைய இடது கையே அவளைத் தோற்கடித்துவிட்டு, தங்கையின் முகத்தை மாட்டிக்கொண்டு இமயத்துக்குக் கிளம்புகிறது.

கேப்டன் தாளை மடிக்கப் போனார். இன்னொன்றும் சொன்னார். இந்தப் பேச்சைக் காதில் வாங்காததுபோல விட்டுவிடுகிறேன், நீ முதல் காத்திருப்பிலேயே இரு, கடைசி நாளில்கூட யாருக்காவது காய்ச்சல் வரலாம், வாய் மட்டும் திறக்காமல் போ என்றார். நல்ல மனிதர்தான்.

வாய் திறக்காமல் போகலாம். காய்ச்சலுக்காகக் காத்திருக்கலாம். சின்னவள் போய்ச் சேரும் ஒவ்வொரு முகாமையும் செய்தியில் பார்த்து அப்பா உரக்கப் படிக்க, பெரியவள் உட்கார்ந்து கேட்கலாம். அல்லது ஒரு நாள் அப்பா படிப்பதை நிறுத்திவிடலாம். இரண்டில் எதை நினைத்தபோது நெஞ்சு அதிகம் எரிந்தது என்று அவளைக் கேட்டிருந்தால், வெட்கம் கெட்ட பதில்தான் வந்திருக்கும்.

“சார், அந்த எண்பது என் இடது கை.”

சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. ஐம்பத்தெட்டு, வாந்தி, பால்கனித் துணி, ஜிப், எல்லாவற்றையும் ஆய்வுக்கூட அறிக்கை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். கேப்டன் தாளை மடிக்காமல் கீழே வைத்தார். முடிந்ததும் எழுந்து போய்ச் சாமான் அறைக் கதவைத் திறந்து, சிட்டு, உள்ள வா என்றார்.

சின்னவள் உடுப்போடு வந்தாள். சிரிப்பின் மிச்சம் முகத்தில் இருந்தது. கேப்டன் தாளைத் தொட்டு, இது யார் விரல் என்று கேட்டார். அவள் அக்காவைப் பார்த்தாள். பொய் சொல்ல ஒரு வினாடி முயன்றது தெரிந்தது. அப்புறம் தலை குனிந்தது.

கேப்டன் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னார். எண்ணை மாற்றிக் கொடுத்தவருக்கும் கிடையாது, வாங்கிக்கொண்டவருக்கும் கிடையாது. இரண்டு வருஷத்துக்கு இருவர் பெயரும் எந்தப் பட்டியலிலும் வராது. பெண் இடம் இரண்டாவதாகக் காத்திருக்கும் நர்ஸுக்குப் போகும். பெரியவளைப் பார்த்து, “இதுதான் நடக்கும்னு தெரிஞ்சுதானே சொன்ன?” என்றார்.

“தெரியும் சார். கையெழுத்து எங்க போடணும்?”

நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். தாளைத் தங்கையிடம் தள்ளினாள். சின்னவள் தொடவில்லை. அவளை அவசரப்படுத்த வேண்டாமென்றோ என்னவோ, கேப்டன் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அப்பால் ஏழு பேரும் திடீரென்று காலணிகளை மும்முரமாக ஆராயத் தொடங்கினார்கள்.

“நீ போகலைன்னா நானும் போகக் கூடாது. அதானே?” என்றாள் சின்னவள்.

“அதுவும்தான்.”

இந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லடி, உன் உயிருக்காகத்தான் என்று அக்கா சொல்வாள், அதைப் பிடித்துக்கொண்டு கிழிக்கலாம் என்று காத்திருந்தவள்.

“உன் கையை நான் பிடிச்சு இழுக்கல. நீயாத்தான் நீட்டின.”

“நீட்டினேன். அதுக்குத்தான் ரெண்டு வருஷம் எனக்கும் சேர்த்து.”

“பொறாமை பிடிச்சவ. சின்ன வயசுல இருந்தே.”

“ஆமாடி. உன்னைத் துணைக்குக் கூட்டிட்டுப் போன அன்னைக்கே ஆரம்பிச்சது. எனக்குப் பொறாமை இருக்குங்கறதுக்காக உனக்கு ஐம்பத்தெட்டு இல்லைன்னு ஆயிடாது. அங்க மேல போய், துணி எடுத்தியான்னு யாரைக் கேப்ப? அந்த ஏழு பேருல எவனுக்குத் தெரியும் நீ உளர்றேன்னு? ஜோக்கு சொல்றேன்னு சிரிப்பானுங்க.”

சின்னவள் அந்தப் பெரிய உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்தாள். அடைத்த இறகுகளுக்குள் இருந்த காற்று மெல்ல வெளியேறி, ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்டது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சின்னவளின் உதடு நடுங்கியது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காத நாட்களில் நடுங்கும் அதே உதடு. அப்படிப்பட்ட நாட்கள் அவளுக்கு மிகக் குறைவு.

தொட்டுச் சமாதானம் சொல்லலாமா என்று பெரியவளுக்குத் தோன்றியது. தொட்டால் தன் கண்ணும் கலங்கிவிடும், கலங்கினால் இதெல்லாம் பாசத்தால் வந்தது என்று ஆகிவிடும். அந்தப் பெயர் அவளுக்கு வேண்டாம். மேசைமேல் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க போற?”

“வீட்டுக்கு. அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்ல.”

“இரு, நானும் வரேன். நான் சொல்லிக்கறேன்.”

“நீ அழுதுகிட்டே போய்ச் சொன்னா என் பக்கத்தைக் கேக்க அந்த வீட்டுல ஆள் இருக்காது. நான் முந்திக்கறேன். அந்த உடுப்பைக் கழட்ட உனக்கு எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.”

சின்னவள் கழுத்து ஜிப்பைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். அது பாதியில் துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். பெரியவள் கதவைத் திறந்து, வராந்தாவைக் கடந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.